படிவத்தில் அண்ணாவியாருக்கு எந்தக் கட்டம்? தேசிய இசை விருதுகள் தீர்மானிக்கப்படும் விதம்

தேசிய இசை விருது விழாவொன்றைத் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தெரிவது அதன் கடைசி மூன்று மணித்தியாலம்தான். விருது யாருக்கு என்ற கேள்வியில் பாதி, பல மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பப் படிவத்தில் தீர்ந்துபோயிருக்கும். எந்தப் பிரிவு, எந்தத் திகதியில் வெளியானது, யாருடைய பெயர் எந்தக் கட்டத்தில், ஒலிக்கோப்பு எந்த வடிவில் என்ற நாலு விடயமும் சரியாக இருந்தால்தான் பாட்டு நடுவரின் காதுக்கே போகும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உருவாகும் நல்ல பாடல்கள் இந்த வாசலில் நின்றுபோகக்கூடாது. அதனால் வாசல் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

விருது கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து முடிவெடுக்கும் முறை மாறுகிறது. அரசு கொடுக்கும் விருதில் சிறிய நடுவர் குழு கேட்டுத் தீர்மானிக்கும். இலங்கையின் அரச இசை விருது விழா இந்த வகை. இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதும் அப்படியே. அதில் 1967ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் இசையமைப்புக்கான விருது முதன்முதலில் வழங்கப்பட்டது, பெற்றவர் கே.வி.மகாதேவன். தொழில்துறைச் சங்கங்கள் கொடுக்கும் விருதில் உறுப்பினர் வாக்களிப்பார்கள். 1959இல் தொடங்கிய அமெரிக்கக் கிராமி இசை விருது இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு: பதிவு நிறுவனங்கள் பாடல்களை அனுப்பலாம், ஆனால் வாக்கு பாடகர், பாட்டெழுதுவோர், ஒலிப்பொறியாளர் போன்ற படைப்புத் தொழிலாளருக்கே உண்டு. மூன்றாவது வகை, ஊடகங்கள் நடத்தும் இரசிகர் வாக்கு.

மூன்றாவது வகையில் கிழக்குக்கு எண்ணிக்கை துணைநிற்காது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டமும் சேர்ந்து ஏறத்தாழ 11.7 இலட்சம் பேர். நாடு முழுதும் 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல். நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. அந்த ஆறு பேரும் மூன்று மொழி, பல இரசனை. குறுஞ்செய்தி வாக்குக்காகப் பணத்தையும் நேரத்தையும் கொட்டுவதைவிட, நடுவர் குழு கேட்டுத் தீர்மானிக்கும் விருதுகளுக்கு ஒழுங்காக விண்ணப்பிப்பதே எங்கள் பக்கத்துக் கலைஞருக்குப் பயன் தரும்.

பாட்டு வேறு, பதிவு வேறு

படிவத்தை நிரப்புவோர் பலர் குழம்பும் முதல் இடம் இது. ஒரு பாட்டு என்பது சொல்லும் மெட்டும். ஒரு பதிவு என்பது குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட குரலில், குறிப்பிட்ட வாத்தியங்களோடு பிடித்து வைத்த ஒலி. ஒரே பாட்டுக்குப் பத்துப் பதிவு இருக்கலாம். கிராமியில் ‘ரெக்கோர்ட் ஒஃப் த இயர்’, ‘சோங் ஒஃப் த இயர்’ என இரண்டு பெரும் விருதுகள் இருப்பது இதனால்தான். முதலாவது பாடியவர், தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர் ஆகியோருக்கு. இரண்டாவது எழுதியவருக்கு மட்டும். ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்த எம்.ஐ.ஏ எனப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 2009இல் பரிந்துரைக்கப்பட்டது முதலாவதில். அந்தப் பதிவு தி கிளாஷ் என்ற பிரித்தானியக் குழுவின் பழைய பதிவிலிருந்து எடுத்த துண்டின்மேல் கட்டப்பட்டது. அப்படி எடுத்தாண்ட பாடல்கள் பொதுவான பாட்டெழுத்துப் பிரிவில் நிற்க முடியாதென்ற கிராமி விதி 2014இல்தான் தளர்ந்தது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இதே பிரிப்பைத்தான் செய்கிறது. எழுதியவரின் உரிமை அவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டும். பாடியவரதும் பதிவைத் தயாரித்தவரதும் உரிமை 50 ஆண்டு. பதிவுசெய்தால்தான் உரிமை என்று எதுவும் இல்லை. படைத்தபோதே உரிமை வந்துவிடுகிறது. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளார் 1947இல் மறைந்தவர். எப்படிக் கணக்கிட்டாலும் அவருடைய கவிதைகளின் காப்புரிமை 2017 முடிவோடு தீர்ந்தது. அவருடைய கவிதையொன்றுக்கு நீங்கள் புதிதாக மெட்டமைத்து அனுப்பலாம். ஆனால் அதே கவிதைக்கு இருபது வருடத்துக்கு முன் இன்னொருவர் போட்ட மெட்டைப் பாடி அனுப்பினால், அந்த மெட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ‘அடிகளார் பாட்டுத்தானே’ என்று நினைத்து ஒப்புதல் வாங்காமல் அனுப்புவது, ஆட்சேபணை வந்தால் நீக்கப்படக்கூடிய விண்ணப்பம்.

அண்ணாவியாரின் பெயர்

வழமையான படிவத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், இசைச் சீரமைப்பாளர், பாடகர், ஒலிப்பதிவாளர், தயாரிப்பாளர் என்று கட்டங்கள் இருக்கும். இவை திரைப்பாடலுக்கும் மெல்லிசைக்கும் பொருந்தும்படி வகுத்தவை. வடமோடி, தென்மோடி என்ற மட்டக்களப்புக் கூத்து மரபுகளின் மெட்டுகளில் இருந்து ஒரு பாட்டு உருவாகும்போது இந்தக் கட்டங்கள் திணறுகின்றன. கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசானான அண்ணாவியார் கூத்து ஏட்டைப் பாடிக் காட்டுகிறார், தாளக்கட்டைத் தீர்மானிக்கிறார், மத்தளம் அடிக்கிறார், பிற்பாட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போகிறார். இவ்வளவும் செய்தவரின் பெயர் கடைசியில் ‘நன்றி’ வரிசையில் வந்து நிற்கும். நன்றி வரிசைக்கு விருது கிடையாது. சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் கோல்களைத் தட்டி ஆடும் பொல்லடிக் குழுவை நடத்தும் அண்ணாவியாருக்கும் இதே கதிதான். இது அநியாயம், படிவம் மாறும்வரை காத்திருக்காமல் நாங்களே சரிசெய்யக்கூடிய அநியாயம்.

எந்தக் கட்டம் என்று முடிவெடுக்க, மெட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தரு (கூத்துப் பாட்டு) முன்னர் அரங்கேற்றங்களில் மற்றவர்களும் பாடியதென்றால், இசையமைப்பாளர் கட்டத்தில் ‘மரபு மெட்டு’ என்றே எழுத வேண்டும். எந்தக் கூத்தில் வருவது என்பதையும் சேர்த்தால் நல்லது. அங்கே கீபோட் கலைஞரின் பெயரை எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. நடுவர் குழுவில் கூத்துத் தெரிந்த ஒருவர் இருந்தால் முதல் இரண்டு வரியிலேயே மெட்டை அடையாளம் காண்பார். மரபு மெட்டைச் சொந்த மெட்டென்று கொடுத்த விண்ணப்பம் பிறகு எழுந்து நிற்காது. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு மேற்சொன்ன சட்டத்தின் 24ஆம் பிரிவில் தனிப் பாதுகாப்பு இருப்பதையும் மறக்கக்கூடாது.

மரபு மெட்டை நாலு நிமிடப் பாடலுக்கு ஏற்றபடி வெட்டி, தாளம் மாற்றி, பிற்பாட்டை எங்கே விடுவது என்று அமைத்தவர் அண்ணாவியார் என்றால் அவர் சீரமைப்பாளர். கீபோட், கிற்றார் பகுதிகளை எழுதியவரும் சீரமைப்பாளர்தான். இரண்டு பெயரும் போடலாம். கூத்துச் சாயலில் புதிய மெட்டையே அண்ணாவியார் கட்டியிருந்தால் அவர் இசையமைப்பாளர், அதில் தயக்கமே வேண்டாம். மத்தளம் அடித்ததற்கு வாத்தியக் கலைஞர் வரிசையில் இன்னொரு முறை அவர் பெயர் வரும். பழைய வரிகளோடு புதிய வரிகளைச் சேர்த்திருந்தால் பாடலாசிரியர் கட்டத்தில் புதிதாக எழுதியவர் பெயரும் ‘மரபு வரிகளுடன்’ என்ற குறிப்பும். பிற்பாட்டுக்காரரின் பெயர்களை ‘குழுவினர்’ என்று சுருக்காமல் ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

இதையெல்லாம் பாட்டு வெளியாவதற்கு முன்னரே யாருக்கு எத்தனை வீதம் என்று காட்டும் ஒரு பங்கீட்டுத் தாளில் எழுதி, எல்லோரும் அடையாள அட்டை இலக்கத்தோடு கையொப்பமிட வேண்டும். பாட்டுக்கு ஒரு தாள், பதிவுக்கு ஒரு தாள். ஒவ்வொன்றிலும் கூட்டுத்தொகை 100. மூன்று பேருக்கு 33 வீதம் எழுதினால் 1 விடுபடும், பாட்டை இணையத் தளங்களுக்குக் கொடுக்கும் விநியோக நிறுவனங்களின் கணினிகள் பல அதை ஏற்காது, 33.33, 33.33, 33.34 என்று எழுதுங்கள். யாரும் பணம் எதிர்பார்க்காத பாட்டென்றாலும் இதைச் செய்ய வேண்டும். பரிந்துரைப் பட்டியல் வந்த பிறகு பேசித் தீர்ப்பது உறவுகளையே முறிக்கும்.

பெயர்க் கட்டம் எவ்வளவு கனமானது என்பதற்குக் கிராமி வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1990 பெப்ரவரியில் புதுமுகக் கலைஞர் விருது பெற்ற மில்லி வனில்லி இரட்டையர், தங்கள் தொகுப்பில் ஒலித்தது தங்கள் குரலே அல்ல என்பது வெளியானதும், அதே ஆண்டு நவம்பரில் விருதை இழந்தார்கள். இன்று இந்தக் கேள்வி செயற்கை நுண்ணறிவுக் குரலைப் பற்றியதாக மாறியிருக்கிறது. மனிதப் படைப்பாளிக்கு மட்டுமே விருது, மனிதரின் பங்கு பொருட்படுத்தத்தக்க அளவில் இருக்க வேண்டும் என்று 2023இல் கிராமி விதி வகுத்தது. உங்கள் பாட்டில் குரலையோ மெட்டையோ மென்பொருள் உருவாக்கியிருந்தால் எந்த இடத்தில் என்பதைப் படிவத்தோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிரிவுகளின் அரசியல்

எத்தனை பிரிவு வைப்பது என்பதே ஒரு தீர்ப்பு. 2011இல் கிராமி தன் 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தபோது ஹவாய் இசை, அமெரிக்கப் பழங்குடியினர் இசை, லூசியானாவின் சைடெகோ, கேஜன் இசை ஆகியவற்றுக்கிருந்த தனி விருதுகள் ஒரே ‘வட்டார வேரிசை’ப் பிரிவுக்குள் போயின. ஒன்றுக்கொன்று உறவில்லாத மரபுகள் ஒரே கதிரைக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் ‘நாட்டார் பாடல்’ என்ற ஒற்றைப் பிரிவு செய்வதும் இதுவே. கூத்துத் தரு, கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல், மச்சானும் மச்சியும் பாடும் கவி, றபான் என்ற கைப்பறையோடு பக்கீர்மார் பாடும் பைத், மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கீசப் பாடலும் கப்பிரிஞ்ஞா ஆட்ட இசையும் எல்லாம் ஒரே கூடைக்குள். பறங்கியர் பாடலுக்கு மொழிக் கட்டமே பெரும்பாலும் இருக்காது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அது அடங்காது. அப்படி வந்தால் வாத்திய இசை அல்லது திறந்த பிரிவைத் தேடுங்கள். வெறுமனே ‘தமிழ்’ என்று குறித்தால் பாடல்வரி நடுவரிடம் போய்ப் பயனற்றுப் போகும்.

ஒரே பாட்டை மூன்று நாலு பிரிவில் போடலாம் என்றால் போடத்தான் தோன்றும். நடுவர் குழு சிறியதாக இருக்கும் இடத்தில் அது கெடுதி. மரபு மெட்டில் அமைந்த பாட்டைச் ‘சிறந்த இசையமைப்பு’க்கும் அனுப்பினால், மெட்டு யாருடையது என்ற ஐயம் மற்றப் பிரிவுகளுக்கும் பரவும். குரல், சீரமைப்பு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்குள் எதில் பலம் என்று பார்த்து அதற்கு அனுப்புங்கள்.

திகதியும் கோப்பும்

தகுதிக் காலம் பெரும்பாலும் நாட்காட்டி ஆண்டோடு பொருந்தாது. 2025 பெப்ரவரியில் நடந்த கிராமிக்குத் தகுதியானவை 2023 செப்டெம்பர் 16 முதல் 2024 ஓகஸ்ட் 30 வரை வெளியானவை. விதிகளில் முதலில் தேட வேண்டிய வரி இது. எல்லைத் திகதிக்குப் பக்கத்தில் வெளியிட்டால் நேர வித்தியாசம் காலை வாரும். யூடியூப் காட்சிப் பக்கத்தில் காட்டும் திகதி அமெரிக்கப் பசிபிக் நேரப்படி. குளிர்காலத்தில் அது எங்களுக்கு 13 மணித்தியாலம் 30 நிமிடம் பின்னால் நிற்கும். ஜனவரி 1ஆம் திகதி காலை கல்லடியில் இருந்து ஏற்றிய பாட்டு டிசெம்பர் 31 என்று காட்டும். எல்லைக்கு இரண்டு நாள் இப்பாலோ அப்பாலோ வெளியிடுவதே பாதுகாப்பு. இன்னொன்று: திருவிழாவுக்காகக் கோயில் பக்கத்திலோ நண்பரின் முகநூலிலோ முன்னரே முழுப்பாட்டையும் போட்டிருந்தால் அதையே முதல் வெளியீடாக எடுப்பார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், 12 எழுத்து, எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி குறியீடு உண்டு. விநியோக நிறுவனமே பெரும்பாலும் தரும். அதன் முன்னொட்டு இலங்கையைக் குறிக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஆனால் மேடையில் பாடிய வடிவத்துக்கும் கலையக வடிவத்துக்கும் வெவ்வேறு குறியீடு வேண்டும். ஒன்றின் குறியீட்டை எழுதி மற்றதன் கோப்பை அனுப்பினால் சரிபார்ப்பில் விழும்.

பெயர் எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒரு பாட்டில், தகப்பன் பெயர் முழுதாக இன்னொன்றில், ஆங்கிலத்தில் ஓரெழுத்துக் கூடியோ குறைந்தோ மூன்றாவதில் என்று எழுதினால், கணினிக்கு அவர் மூன்று ஆட்கள். அடையாள அட்டையில் உள்ளபடி ஒன்றைத் தெரிவுசெய்து எங்கும் அதையே பயன்படுத்துங்கள்.

ஒலிக்கோப்பு 24 பிட் வேவ் வடிவில், 44.1 அல்லது 48 கிலோஹேட்ஸில் இருக்கட்டும். 44.1 என்றால் நாலு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 63 எம்.பி வரும், 25 எம்.பிக்கு மேல் ஜிமெயிலில் இணைக்க முடியாது. உடனே பலர் எம்.பி.3 ஆக்கி அனுப்புவார்கள், அல்லது வட்ஸ்அப்பில் ஒலியாக அனுப்புவார்கள். இரண்டிலும், கூத்தின் கைத்தாளமான சல்லரியின் கூர்மை மங்கிச் சலசலப்பாகும். பகிர்வு இணைப்பாக அனுப்புங்கள், வட்ஸ்அப் தவிர வழியில்லை என்றால் ஆவணமாக அனுப்புங்கள். எம்.பி.3ஐத் திரும்ப வேவ் ஆக மாற்றினால் கோப்பு பெருக்கும், இழந்த ஒலி வராது. உச்ச அளவு மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டக்கூடாது.

கூத்துக் குழுவை ஒலிப்பதிவு செய்யும்போது சல்லரிதான் பெரிய சவால். அது பாடகரின் மைக்குக்குள் புகுந்துவிட்டால் கலவையில் எடுக்க முடியாது, குரலைக் கூட்டினால் சல்லரியும் கூடும். சல்லரிக்காரரைப் பாடகருக்குப் பக்கத்தில் நிறுத்தாமல், பாடகரின் மைக் பின்னால் செவிடாக இருக்கும் திசையில் இரண்டு மீற்றராவது தள்ளி நிறுத்துங்கள். மத்தளத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் தனித்தனி மைக் வைத்தால், ஒன்றின் துருவத்தை (ஒலியலையின் மேல், கீழ்த் திசையை) திருப்பி, இரண்டையும் ஒரே ஒலியாகக் கலக்கும் மோனோவில் கேட்டுப் பாருங்கள். எந்த நிலையில் அடி கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. இதைச் சோதிக்காமல் விட்ட பதிவு ஹெட்போனில் நன்றாக இருக்கும். நடுவர் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் மத்தளமே காணாமல் போயிருக்கும்.

பாடல்வரித் தாளைத் தமிழில் மட்டும் அனுப்பாதீர்கள். தேசியக் குழுவில் தமிழ் தெரியாதவர் இருப்பார், தமிழ் தெரிந்தவருக்கும் மட்டக்களப்பு வழக்குப் புரியாமல் போகலாம். மூலம், வரிக்கு வரி சிங்களப் பொருளோ ஆங்கிலப் பொருளோ, வட்டாரச் சொற்களுக்கும் சடங்குக்கும் அரைப் பக்கக் குறிப்பு, இவ்வளவும் போதும். குளிர்த்தி எப்போது, எதற்காகப் பாடப்படுகிறது என்று தெரியாத நடுவர் அதன் மெதுவான நடையைக் குறையென்று எண்ணக்கூடும்.

எண்ணும் முறை

மூன்று நடுவர், 10 புள்ளி. முதலாம் பாட்டுக்கு 8, 8, 4. இரண்டாம் பாட்டுக்கு 7, 7, 10. கூட்டினால் 20க்கு 24. இரண்டாம் பாட்டு வெல்லும், மூன்றில் இரண்டு நடுவர் முதலாம் பாட்டையே மேலென்று சொல்லியிருந்தும். புள்ளிக்குப் பதில் வரிசை எண் போடச் சொன்னால் முதலாம் பாட்டுக்கு 1, 1, 2 எனக் கூட்டு 4, மற்றதற்கு 2, 2, 1 எனக் கூட்டு 5. சிறிய கூட்டு வெல்வதால் முடிவு தலைகீழ். புள்ளி முறையில் தாராளமாகக் கொடுத்தும் கடுமையாக வெட்டியும் போடும் ஒருவர் மற்ற இருவரையும் மீறிவிடுவார். வரிசை முறையில் அந்த அதிகாரம் இல்லை. விழா நடத்துவோர் வரிசை முறையை ஏற்பதோ, நடுவர் ஐவராக இருந்தால் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் விட்டுக் கூட்டுவதோ நல்லது.

உறுப்பினர் வாக்கில் வேறொரு சிக்கல். கிராமியின் முதன்மைப் பிரிவுகளில் பரிந்துரை 2018 வரை ஐந்து, 2019இல் எட்டு, 2022இல் பத்து, 2024இல் மீண்டும் எட்டு. கூடுதல் வாக்குப் பெற்றவர் வெற்றி என்பதால், எட்டுப் பேர் நிற்கும் இடத்தில் 100 வாக்கில் 14 பெற்றாலே வெல்லக்கூடிய நிலை கணக்கின்படி உண்டு. ஒரே சாயலுள்ள இரண்டு பாட்டு நின்றால் அவை ஒன்றின் வாக்கை ஒன்று தின்னும். ஆகவே ஒரே ஊர்க் குழுக்கள் ஒரே ஆண்டில் ஒரே பிரிவுக்கு நிற்காமல் முன்கூட்டியே பேசிக்கொள்வது கெட்டித்தனம். ஆனால் தகுதியான பாட்டை அடக்கி வைக்கும் அளவுக்கு அதைக் கொண்டுபோகக்கூடாது.

பிரிவு கேட்பது எப்படி

அரச விருதுகளின் அறிவித்தல் பெரும்பாலும் பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தர் வழியாகவும் வரும். அவரிடம் முன்னரே பெயர் கொடுத்து வைத்தால் முடிவுத் திகதிக்குப் பிறகு செய்தி அறியும் நிலை வராது. அதே வழியில் கோரிக்கையும் போகலாம். கூத்தை வரவேற்பு நிகழ்ச்சியாக மேடைக்கு அழைக்கும் விழா, விருதுப் பட்டியலில் அதற்கு ஒரு வரி வைக்காவிட்டால் அது கூத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கிராமியில் ஆண்டுதோறும் உறுப்பினர் எழுத்துமூலம் முன்மொழிந்துதான் புதிய பிரிவுகள் வருகின்றன. 2023இல் பாட்டெழுத்தாளருக்கான தனி விருது முதன்முதலாக வழங்கப்பட்டது, ஆபிரிக்க இசைக்கான பிரிவு 2024இல் வந்தது.

முன்மொழிவில் இரங்கிக் கேட்கும் தொனி வேண்டாம். மரபுக் குழு இசை என்ற பிரிவுக்கு ஒரு பந்தி வரைவிலக்கணம்: எத்தனை பேர் குழு, எந்த வாத்தியங்கள், மரபு மெட்டு எவ்வளவு இருக்க வேண்டும், புதிய சீரமைப்பு எவ்வளவு அனுமதி. கடந்த மூன்று ஆண்டில் அந்த வரைவிலக்கணத்துக்குள் வரும் பதிவுகளின் பட்டியல், வெளியான திகதியோடும் குறியீட்டோடும். பட்டியல் எங்கள் இரண்டு மாவட்டத்தோடு நிற்காமல் யாழ்ப்பாணம், வன்னி, மலையகம், சிங்களவரின் ‘நாடகம’ என்ற பாட்டுக்கூத்து மரபு வரை போக வேண்டும். ஒரே மாவட்டத்துக்கான பிரிவைத் தேசிய விழா வைக்காது. தீர்ப்பளிக்கத் தகுதியுள்ளோரை எங்கே தேடலாம் என்ற குறிப்பு, அதில் கல்லடி சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற கல்வி நிறுவனங்கள். படிவத்தில் ‘குழு முதல்வர் அல்லது அண்ணாவியார்’ என்ற கட்டம் சேர்க்கும் வேண்டுகோள், அந்தக் கட்டம் சேர்த்த மாதிரிப் படிவத்தோடு. அடுத்த ஆண்டு விதிகள் அச்சாகும் முன்னர், அதாவது இந்த ஆண்டு விழா முடிந்த கையோடு இது அவர்களின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்; விண்ணப்பம் கோரிய பிறகு பிரிவுகளை மாற்ற அவர்களாலும் முடியாது.